க்ரூசிபிளில் இருப்பது ஒன்று, வேஃபரில் படிவது வேறொன்று

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்கள் கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுப்பார்கள். உள்ளே கருஞ்சாம்பல் நிறத்தில், கருங்கல் ஜல்லியை இன்னும் சிறிதாக உடைத்ததுபோல, 3 முதல் 6 மில்லிமீட்டர் அளவுத் துண்டுகள். லேபிளில் ‘மாலிப்டினம் டைசிலிசைடு, 99.5%’ என்றிருக்கும். “இதை ஈ-பீமில் வைத்து ஒரு கோட்டிங் போட்டுப் பாருங்க” என்று சொல்லிவிட்டு சீனியர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். சொன்னபடியே செய்தால் வேஃபரில் ஒரு படலம் வரும். பளபளப்பாகக்கூட இருக்கும். ஆனால் அது மாலிப்டினம் டைசிலிசைடாக இருக்காது.

ஏன் இருக்காது என்று தெரிந்தவரை நம்பி மெஷினை ஒப்படைப்பார்கள். தெரியாதவர் ஐந்து வருஷம் கழித்தும் அடுத்தவர் எழுதிக்கொடுத்த ரெசிபியைத்தான் ஓட்டிக்கொண்டிருப்பார். வேக்குவம் கோட்டிங் துறைக்குள் வர நினைக்கும் டிப்ளமோ, பி.எஸ்சி., எம்.எஸ்சி. முடித்த தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். எல்லாப் பொருளையும் பற்றிப் பேசப்போவதில்லை. சிலிசைடை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கோட்டிங் தொழிலில் வரக்கூடிய பெரும்பாலான சிக்கல்களை இந்த ஒரு பொருளே காட்டிக்கொடுத்துவிடும்.

உலோகமும் சிலிக்கானும் சேர்ந்த சேர்மம்தான் சிலிசைடு. சிலிக்கேட், சிலிக்கா, சிலிக்கோன் மூன்றும் வேறு. பர்ச்சேஸ் பிரிவுக்கு இண்டென்ட் எழுதும்போது பொருளின் பெயரோடு சி.ஏ.எஸ். எண்ணையும் கட்டாயம் எழுதுங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறினால் வேறு பொருள் வந்து இறங்கும். திருப்பி அனுப்பி மாற்றி வாங்குவதற்குள் புராஜெக்ட் முடிந்திருக்கும்.

இந்தக் குடும்பத்தில் உருகுநிலை மிக உயர்ந்தவை சில உண்டு. மாலிப்டினம் டைசிலிசைடு சுமார் 2,030 டிகிரி செல்சியஸில் உருகும். டங்ஸ்டன் டைசிலிசைடு சுமார் 2,160 டிகிரியிலும், டாண்டலம் டைசிலிசைடு சுமார் 2,200 டிகிரியிலும் உருகும். டைட்டானியம் டைசிலிசைடு 1,500 டிகிரியை ஒட்டி. இவ்வளவு வெப்பம் தாங்கியும் மின்சாரத்தை உலோகம்போலக் கடத்தும் என்பதுதான் இவற்றின் தனிச்சிறப்பு. பல் மருத்துவ லேபில் சிர்க்கோனியா பல் சுடும் சூளையைப் பார்த்திருந்தால், உள்ளே ‘யு’ வடிவில் தொங்கும் ஹீட்டர் கம்பிகளைக் கவனித்திருப்பீர்கள். அவை பெரும்பாலும் மாலிப்டினம் டைசிலிசைடுதான். சூடாகும்போது மேற்பரப்பில் மெல்லிய சிலிக்காக் கண்ணாடி படர்ந்து உள்ளிருப்பதைக் காப்பாற்றுகிறது. 1,500 டிகிரிக்கு மேலும் காற்றில் தைரியமாகத் தாக்குப்பிடிக்கும் அதே பொருள், 400 முதல் 600 டிகிரிக்குள் நெடுநேரம் காற்றில் கிடந்தால் பொடிப்பொடியாக உதிர்ந்துபோகவும் கூடும். ‘பெஸ்ட்’ என்று இதற்குப் பெயர். ஆகவே மிச்சத் துண்டுகளை ஈரம் போக்குவதாக நினைத்துக் காற்றுச் சூளையில் 500 டிகிரியில் வைக்காதீர்கள்.

சிப் தொழிலுக்குச் சிலிசைடு வந்த கதை சுருக்கமானது. 1970களின் பிற்பகுதியில் டிரான்சிஸ்டர்கள் சிறுத்துக்கொண்டே வந்தபோது, கேட்டாகப் போட்ட பாலிசிலிக்கான் கோடுகளின் மின்தடை பெரிய இடையூறானது. பாலிசிலிக்கானின் தலைமேல் ஒரு சிலிசைடு அடுக்கைப் போட்டால் தடை பல மடங்கு குறையும். ஐபிஎம்மில் கிரௌடர், சிரின்ஸ்கி இருவரும் 1979-இல் வெளியிட்ட ஆய்வில் டங்ஸ்டனையும் சிலிக்கானையும் ஒரே நேரத்தில் தனித்தனியாக ஆவியாக்கி இப்படிப்பட்ட அடுக்கைப் படியவைத்துக் காட்டினார்கள். எஸ்.பி. முரார்கா எழுதி 1983-இல் வந்த ‘சிலிசைட்ஸ் ஃபார் விஎல்எஸ்ஐ அப்ளிகேஷன்ஸ்’ இன்றும் இந்தத் துறையின் அடிப்படைப் புத்தகம். நூலகத்தில் கிடைத்தால் விடாதீர்கள்.

இங்கே ஒரு கேள்வி எழவேண்டும். டங்ஸ்டன் சிலிசைடு என்று ஒரு பொருள் இருக்கும்போது, அதையே ஆவியாக்காமல் எதற்காக இரண்டையும் தனித்தனியாக ஆவியாக்கினார்கள்?

வேக்குவம் லேப் எதிலும் சுவரில் ஓர் ஆவியழுத்த அட்டவணை தொங்கும். அதில் 10-இன் மைனஸ் நான்காம் அடுக்கு டார் என்ற பத்தியைப் பாருங்கள். அந்த அழுத்தத்துக்கு ஆவியாக, சிலிக்கானுக்குச் சுமார் 1,340 டிகிரி போதும். மாலிப்டினத்துக்குச் சுமார் 2,120 டிகிரி வேண்டும். டாண்டலத்துக்கு 2,590. டங்ஸ்டனுக்கு 2,750க்கும் மேல். சிலிசைடை எலக்ட்ரான் கற்றையால், அதாவது ஈ-பீமால், சூடாக்கும்போது சிலிக்கான் முதலில் பிய்த்துக்கொண்டு கிளம்பிவிடும், உலோகம் பின்தங்கிவிடும். வேஃபரில் முதலில் சிலிக்கான் மிகுந்த அடுக்கு படியும். நேரம் போகப்போக க்ரூசிபிளில் சிலிக்கான் வற்றி உலோகம் சேரும், படிவதும் உலோகம் மிகுந்ததாக மாறும். ஒரே படலத்துக்குள் அடியில் ஒரு கலவை, மேலே ஒரு கலவை. அடுத்த ரன்னுக்கு அதே துண்டுகளையே மறுபடி போட்டால் மூன்றாவதாக ஒன்று வரும். ‘நேற்று நன்றாக வந்தது, இன்று ஏன் வரவில்லை’ என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

குரோமியம், டைட்டானியம் இரண்டும் கொஞ்சம் வேறு. குரோமியம் அதே அழுத்தத்துக்கு 1,160 டிகிரியை ஒட்டியே ஆவியாகும், அதாவது சிலிக்கானுக்கும் முன்பாக. டைட்டானியம் சுமார் 1,450. சிலிக்கானுக்கும் இவற்றுக்கும் இடைவெளி குறைவு என்பதால், நேரடியாக ஆவியாக்கும்போது கலவை மாறினாலும் மாலிப்டினம், டங்ஸ்டன் அளவுக்கு மோசமாகாது. அட்டவணையில் இருப்பவை தனித் தனிமங்களின் எண்கள். சேர்மமாகும்போது பிணைப்பு அவற்றை நகர்த்தும். ஆகவே இந்த இரண்டிலும் அட்டவணையை மட்டும் நம்பாமல், சோதனைப் படலம் ஒன்று போட்டு அளந்து பார்த்துவிட்டே முடிவெடுக்க வேண்டும்.

ஆக, கலவை சரியாக வேண்டுமென்றால் இரண்டு ஈ-பீம் துப்பாக்கிகள் வேண்டும். ஒன்றில் உலோகம், மற்றொன்றில் சிலிக்கான். எந்த வேகத்தில் எதை ஓட்டுவது என்ற கணக்கை நீங்களே போடத் தெரிந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புக் கணக்குதான். மாலிப்டினத்தின் அணு எடை 95.95, அடர்த்தி 10.28. வகுத்தால் ஒரு மோலின் பருமன் 9.33 கன சென்டிமீட்டர். சிலிக்கானின் அணு எடை 28.09, அடர்த்தி 2.33. இரண்டு மோலுக்கு 24.11 கன சென்டிமீட்டர். 24.11-ஐ 9.33-ஆல் வகுத்தால் 2.58. மாலிப்டினம் நொடிக்கு 2 ஆங்ஸ்ட்ராம் ஓடினால் சிலிக்கான் சுமார் 5.2 ஆங்ஸ்ட்ராம் ஓடவேண்டும். இதேபோல டங்ஸ்டனுக்கு 2.52, டைட்டானியத்துக்கு 2.27, டாண்டலத்துக்கு 2.22 என்று வரும். நடைமுறையில் சிலிக்கானைச் சற்றுக் கூடுதலாகவே வைப்பார்கள். குறைந்துபோனால் சூடுபடுத்தும்போது அந்தச் சிலிசைடு அடியிலிருக்கும் சிலிக்கானை உறிஞ்ச ஆரம்பித்துவிடும்.

வேகத்தை அளப்பது குவார்ட்ஸ் கிரிஸ்டல் மானிட்டர். தங்கம் பூசிய ஒரு சிறு வட்டு, பெரும்பாலும் நொடிக்கு 60 லட்சம் தடவை அதிர்வது. அதன்மேல் படலம் படியப்படிய அதிர்வு குறையும், அந்தக் குறைவைக் கொண்டு தடிமன் கணக்காகும். இரண்டு மூலங்களுக்கு இரண்டு கிரிஸ்டல். ஒவ்வொன்றும் தன்னுடைய மூலத்தை மட்டும் பார்க்கும்படி நடுவில் தடுப்புத் தகடு இருக்கவேண்டும். புதிய ஆட்கள் செய்யும் பெரிய தவறு இங்கேதான். தகடு ஓர் அங்குலம் தள்ளியிருந்தால் சிலிக்கான் ஆவியும் மாலிப்டினம் கிரிஸ்டலில் போய் உட்காரும். திரையில் எண்கள் சரியாகவே இருக்கும், வேஃபரில் கலவை கெட்டிருக்கும். ரன் ஆரம்பிக்கும்முன் சேம்பருக்குள் குனிந்து, கிரிஸ்டல் இருக்குமிடத்திலிருந்து க்ரூசிபிளை உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள். அடுத்த க்ரூசிபிளும் கண்ணில் பட்டால் தகட்டை நகர்த்துங்கள்.

சிலிக்கானைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். டங்ஸ்டன் போட்டில் (மின்சாரத்தால் சூடாகும் படகு வடிவத் தகட்டில்) சிலிக்கானை வைத்துச் சூடாக்காதீர்கள். உருகிய சிலிக்கான் டங்ஸ்டன், மாலிப்டினம், டாண்டலம் மூன்றையும் தின்னும். தின்று அதே சிலிசைடாகிவிடும், போட் இற்றுப்போகும். அதனால்தான் தண்ணீரால் குளிரூட்டிய செம்பு அடுப்பும் ஈ-பீமும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. நான் அதில் மாட்டியிருக்கிறேன்.

சேர்ந்த புதிதில் ஒரு லேபில் சிலிக்கான் ரன் முடிந்தது. கோட்டிங் நன்றாக வந்துவிட்ட சந்தோஷத்தில், வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், பவரை ஒரே திருகில் பூஜ்யத்துக்கு இறக்கினேன். வியூபோர்ட் வழியாகப் பார்த்தபோது ஆரஞ்சு நிறக் குட்டை இரண்டு மூன்று நொடியில் மங்கி, நடுவில் ஒரு குமிழ்போல மேலெழுந்து உறைந்தது. பெல்ஜாருக்குள்ளிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம். மறுநாள் சேம்பரைத் திறந்தால் கிராஃபைட் லைனர் மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது. மூத்த டெக்னீஷியன் அண்ணன் அந்தத் துண்டுகளைக் கையுறை போட்ட உள்ளங்கையில் சேர்த்துவைத்துக் காட்டினார்.

“சிலிக்கான் தண்ணி மாதிரி தம்பி. உறையும்போது வீங்கும். ஃப்ரீசர்ல வச்ச கண்ணாடி பாட்டில் என்னாகும்?”

“உடையும்ணே.”

“அதான் இது. பத்து நிமிஷமாவது கொஞ்சங்கொஞ்சமா இறக்கணும். ஓரத்துல உறைஞ்சு நடுவுல மட்டும் திரவமா நிக்க விடாதீங்க.”

சிலிக்கான் உறையும்போது சுமார் 10 சதவீதம் விரிகிறது. புத்தகத்தில் படித்திருந்தேன். லைனர் உடைந்த பிறகுதான் அது கையில் ஏறியது. அன்றிலிருந்து என் லாக் புத்தகத்தில் பவர் ஏற்றிய நேரத்துக்குப் பக்கத்திலேயே இறக்கிய நேரத்தையும் எழுதுகிறேன்.

ஏற்றும்போதும் பொறுமை வேண்டும். துண்டுகளுக்குள் அடைபட்ட காற்றும் ஈரமும் திடீரென வெளியேறினால் உருகிய துளிகள் சிதறி வேஃபரில் ஒட்டும். ஷட்டரை மூடிவைத்து, குறைந்த பவரில் கற்றையை அகலமாக ஓடவிட்டு, பிரஷர் ஏறி மறுபடி இறங்கும்வரை காத்திருங்கள். பொடியைவிடத் துண்டு நல்லது என்று சொல்வது இதற்காகத்தான். பொடிக்கு மேற்பரப்பு அதிகம், ஒட்டிய ஆக்சிஜனும் அதிகம். போதாததற்கு மின்னேற்றம் பெற்ற பொடி கற்றை பட்டவுடன் அடுப்பைவிட்டுப் பறக்கவும் செய்யும்.

பொருள் வாங்குவதில் கவனிக்கவேண்டியது இன்னொன்றும் உண்டு, அது விலை உயர்ந்த பாடம். சான்றிதழில் 99.9% என்று போட்டு, பக்கத்தில் சிறிய எழுத்தில் ‘உலோக அடிப்படையில்’ என்று இருந்தால், எண்ணியவை உலோக அசுத்தங்கள் மட்டும். ஆக்சிஜன், கார்பன், நைட்ரஜன் கணக்கில் இல்லை. சிலிசைடைப் பொடித்து, அழுத்தி, சுட்டு, உடைத்துத் தயாரிப்பார்கள். ஒவ்வொரு படியிலும் ஆக்சிஜன் சேர வழியுண்டு, உடைக்கும் இயந்திரத்திலிருந்து இரும்பும் சேரலாம். ஆக்சிஜன் அளவைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். டிரான்சிஸ்டர் வேலையென்றால் சோடியம், பொட்டாசியம் எண்களையும் கேளுங்கள்; ஆக்சைடுக்குள் நகர்ந்து திரியும் இந்த இரண்டும் சாதனத்தையே கெடுக்கும். கண்ணாடி லென்ஸுக்கோ மின்தடைக்கோ போடுவதென்றால் அவ்வளவு தேவையில்லை. தேவையில்லாத தூய்மைக்குக் காசு கொடுக்கவும் வேண்டாம்.

படலம் வெளியே வந்ததும் வேலை முடிவதில்லை. அப்போது அது பெரும்பாலும் ஒழுங்கற்ற அமைப்பில், தடை பல மடங்கு கூடுதலாக இருக்கும். ஆர்கானிலோ வேக்குவத்திலோ 900, 1,000 டிகிரியில் சூடுபடுத்தினால்தான் படிகமாகித் தடை இறங்கும். இந்த இடத்தில் படலம் உரிவது சகஜம். மாலிப்டினமும் சிலிக்கானும் தனித்தனி அடுக்காக இருந்து சேர்ந்ததாகக் கணக்குப் போட்டால் மொத்தப் பருமன் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சுருங்குகிறது. 358 நானோமீட்டர் 260 ஆகிறது. வேஃபரோ சுருங்காது. ஆகவே படலம் இழுபட்டு நிற்கும், அடியில் கொஞ்சம் அழுக்கிருந்தாலும் செதிலாகக் கழன்றுவிடும். கழன்றால் பொருளைக் குறைசொல்லும்முன் வேஃபரைக் கழுவிய விதத்தைப் பாருங்கள். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் முக்கியெடுத்ததற்கும் சேம்பரில் ஏற்றியதற்கும் இடையில் எத்தனை நிமிடம் போனது என்று கேளுங்கள்.

அளப்பதற்கு முதல் கருவி நான்கு முனை புரோப். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து 4.53-ஆல் பெருக்கினால் தாள் தடை வரும். 200 நானோமீட்டர் மாலிப்டினம் சிலிசைடு, தடைத்திறன் 100 மைக்ரோ ஓம் சென்டிமீட்டர் என்றால், சதுரத்துக்கு 5 ஓம் காட்டவேண்டும். 50 காட்டினால் ஆக்சிஜன் புகுந்திருக்கிறது, அல்லது கலவை தப்பு, அல்லது சூடு போதவில்லை.

கலவையை அளக்க எல்லோரும் எஸ்.இ.எம்.மோடு வரும் இ.டி.எஸ்.ஸுக்குத்தான் ஓடுவார்கள். மாலிப்டினம் சிலிசைடுக்கு அது பரவாயில்லை. டங்ஸ்டனுக்கும் டாண்டலத்துக்கும் ஏமாற்றும். சிலிக்கானின் எக்ஸ்ரே கோடு 1.740 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில், டங்ஸ்டனின் எம் கோடு 1.775-இல், டாண்டலத்தின் எம் கோடு 1.710-இல். சாதாரண இ.டி.எஸ். இவற்றைப் பிரித்துப் பார்க்காது, எல்லாம் ஒரே மேடாகத் தெரியும். மென்பொருள் ஏதோ ஒரு சதவீதத்தைப் போட்டுக் கொடுத்துவிடும், நீங்களும் ரிப்போர்ட்டில் ஒட்டிவிடுவீர்கள். இந்த இரண்டு சிலிசைடுகளுக்கும் ரதர்ஃபோர்டு பின்சிதறல் முறைதான் நம்பகமானது. கல்பாக்கம் ஐ.ஜி.சி.ஏ.ஆரிலும், டெல்லி ஐ.யு.ஏ.சி.யிலும் அதற்கான அயனி முடுக்கிகள் இருக்கின்றன. சோதிக்கவேண்டிய வேஃபரை அளவுக்கு வெட்டி, ஆழத்துக்கு ஆழம் கலவை வேண்டுமென்று எழுதிக் கேளுங்கள். முதலில் சிலிக்கான் ஓடி, பிறகு உலோகம் ஓடிய கதையெல்லாம் அந்த ஒரே வரைபடத்தில் தெரியும்.

பாதுகாப்பில் மூன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஈ-பீம் துப்பாக்கி 10 கிலோவோல்ட் அளவில் ஓடுவது. சுவிட்சை அணைத்த பிறகும் எர்த் கம்பியைத் தொடவைக்காமல் உள்ளே கைவைக்கக் கூடாது. அடுப்புக்குத் தண்ணீர் ஓட்டம் நின்றால் கற்றை தானே அணையும் இன்டர்லாக்கை எந்த அவசரத்துக்கும் பைபாஸ் செய்யக் கூடாது. செம்பு உருகி ஓட்டை விழுந்தால் தண்ணீர் சேம்பருக்குள் பீறிடும். சுவரில் படிந்த சிலிசைடுச் செதில்களைச் சுரண்டும்போது மாஸ்க் வேண்டும். சுவரில் முன்கூட்டியே அலுமினியத் தாள் சுற்றிவைத்தால் சுரண்டும் வேலையே பாதியாகும்.

இவ்வளவையும் கற்றால் வேலை எங்கே என்று கேட்பீர்கள். நேர்மையாகச் சொல்கிறேன்: பெரிய சிப் தொழிற்சாலைகளில் சிலிசைடை யாரும் ஈ-பீமில் போடுவதில்லை. அங்கே ஸ்பட்டரிங், அல்லது டங்ஸ்டன் ஹெக்ஸாஃப்ளூரைடும் சிலேனும் வைத்துச் செய்யும் சி.வி.டி. ஸ்பட்டரிங் ஜெயித்ததற்கு ஒரு காரணம் நாம் மேலே பார்த்ததுதான். அயனி வந்து மோதும்போது டார்கெட்டின் மேற்பரப்பு சிறிது நேரத்தில் நிலைப்பட்டுவிடும், பிறகு உள்ளே இருக்கும் கலவைதான் ஏறக்குறைய அப்படியே வெளியே வரும். ஆவியாக்கல் நிலைத்திருப்பது ஆராய்ச்சி லேப்களிலும், ஒளியியல் கோட்டிங்கிலும், சென்சார், மெல்லிய மின்தடை போன்ற சிறு அளவுத் தயாரிப்பிலும். ஆனால் மூலப்பொருளின் ஆக்சிஜன், படலத்தின் இழுவிசை, கலவைச் சோதனை எல்லாம் ஸ்பட்டரிங் டார்கெட்டுக்கும் அப்படியே பொருந்தும். ஒன்றில் கைபழகியவர் மற்றொன்றுக்கு மாற நெடுநாள் ஆகாது.

கைபழக வழிகள் உண்டு. உங்கள் கல்லூரி இயற்பியல் துறையில் மூலையில் ஒரு கோட்டிங் யூனிட் தூசி படிந்து நிற்கலாம், பெங்களூரு ஹிந்த் ஹை வேக்குவம் தயாரித்ததாக இருக்கக்கூடும். பேராசிரியரிடம் அனுமதி வாங்கி, ரோட்டரி பம்ப் ஆயிலை மாற்றி, அலுமினியம் ஆவியாக்கிப் பழகுங்கள். ஐ.ஐ.எஸ்சி., ஐ.ஐ.டி. பம்பாய், ஐ.ஐ.டி. மெட்ராஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் நடத்தும் ஐ.என்.யு.பி. திட்டத்தில் வெளிக்கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் விண்ணப்பித்து க்ளீன்ரூமில் பயிற்சி பெறலாம். படிக்க கே.எல். சோப்ராவின் ‘தின் ஃபிலிம் ஃபினாமினா’ இருக்கிறது. 1969-இல் வந்ததாயினும் ஆவியாக்கல் அத்தியாயம் பழசாகவில்லை.

இன்டர்வியூவுக்குப் போகும்போது சர்டிஃபிகேட் ஃபைலோடு உங்கள் லாக் புத்தகத்தையும் எடுத்துப்போங்கள். தேதி, மூலப்பொருளின் லாட் எண், போடும் முன்னும் எடுத்த பின்னும் அதன் எடை, அடிப்படை அழுத்தம், பவர் ஏறிய, இறங்கிய நேரம், கிரிஸ்டல் அதிர்வு, தாள் தடை, படலம் உரிந்ததா. தோற்றுப்போன ரன்களின் பக்கங்களைக் கிழிக்காதீர்கள். நான் ஆள் எடுக்க உட்காரும்போது முதலில் அந்தப் பக்கங்களைத்தான் புரட்டுவேன். பிறகு ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளி, டாண்டலம் சிலிசைடுக்கு இரண்டு துப்பாக்கியின் வேக விகிதத்தைப் போடச் சொல்வேன். அடர்த்தி ஞாபகமில்லையென்றால் தயங்காமல் கேளுங்கள், சொல்கிறோம்.